மலையில் கேட்டதும் கப்பலில் இறங்கியதும்

கப்பலின் மேல் விமானத்தை இறக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். இருவரும் கெட்டிக்காரர்கள். இருவரும் நேர் எதிராகப் பேசுவார்கள். நெட்டையாக இருந்தவர், "கப்பலைப் பார். அந்த நேரத்தில் உனக்குத் தரை என்று ஒன்று இருந்தால் அது கப்பல்தான்" என்பார். குட்டையாக இருந்தவர், "கப்பலை நம்பினால் கெட்டாய். அது ஆடும். கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பார், அது ஆடாது" என்பார். ஒருநாள் இருவரும் சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சார், கடைசியில் எதைத்தான் பார்க்கட்டும்?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "நாங்கள் இரண்டு பேரும் ஒன்றைத்தானே சொல்கிறோம்" என்றார் குட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சல்யூட் அடித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நாங்கள் ஓட்டியது அந்தரத்தில் அசையாமல் நிற்கக்கூடிய போர் விமானம். இப்போது அது பணியில் இல்லை. நானும் சீருடையைக் கழற்றிவிட்டு ஹைதராபாத்துக்கே திரும்பி, சைனிக்புரியில் வீடு கட்டி உட்கார்ந்துவிட்டேன். மற்ற விமானங்கள் ஓடுபாதையைத் தொட்ட பிறகு ஓடி ஓடி நிற்கும். எங்களுடையது முதலில் நின்றுவிட்டுப் பிறகு இறங்கும். அது நிற்பதற்காக, இஞ்சினிலிருந்து வெளியேறும் காற்றை ஒரு லீவரைக் கொண்டு கீழ்நோக்கித் திருப்ப வேண்டும். அந்த லீவருக்குப் பக்கத்திலேயே, அதே இடது கைக்குள், இஞ்சினைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலும் இருக்கும். அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் யாரும் விளக்கிச் சொன்னதில்லை. சொல்லவும் தேவையில்லை.

கப்பலில் இறங்கும் முறை கேட்பதற்கு எளிது. கப்பல் ஓடிக்கொண்டிருக்கும். அதன் இடது பக்கமாக வந்து, அதன் வேகத்துக்கே நாமும் போனால், கப்பலுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நிற்பது மாதிரி இருக்கும். கப்பலிலிருந்து அனுமதி கிடைத்ததும் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து தளத்துக்கு நேர் மேலே வர வேண்டும். பிறகு தயங்காமல் இறங்க வேண்டும். சக்கரம் தொட்டதும் த்ராட்டிலை அடியோடு மூட வேண்டும். கரையில், ஓடுபாதையின் மேல் கப்பல் தளத்தை வெள்ளைக் கோடுகளால் வரைந்து வைத்து, அதன்மேல் இறங்கி இறங்கிப் பழகினோம். நான் நன்றாகவே இறங்கினேன். ஆனால் வரைந்த கப்பல் ஆடாது, ஓடாது. அடுத்தது அசல் கப்பல். அதுவும் முதல் தடவையே ஒண்டியாக. அதில் தேறினால்தான் நான் அந்த விமானத்தின் விமானி. தேறாவிட்டால், கரையிலிருந்து கிளம்பிக் கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கரைக்கே திரும்புகிற பெரிய விமானத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் ஏங்கியது அதற்கல்ல.

கப்பலுக்குப் போவதற்கு முன் சில நாள் விடுப்பு கிடைத்தது. ஹைதராபாத்தில் எங்கள் வீடு இருந்த மௌலா அலிக்கு வந்தேன். அப்பா பக்கத்திலிருந்த மத்திய அரசு ஆலையில் வேலை பார்த்தார். அந்த ஊழியர் குடியிருப்பில்தான் நானும் தங்கையும் வளர்ந்தோம். அம்மா திருநெல்வேலிப் பக்கம். ஹைதராபாத்துக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவள் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. தங்கை அதற்கு நேர்மாறு. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் ஹைதராபாத் உருதுவான தக்கனிக்குப் போய்விடுவாள்.

விமானிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முழுப் பயணத்தையும் கைகளாலேயே ஓட்டிப் பார்ப்பது. எந்த நேரத்தில் எதைத் தொட வேண்டும் என்று கை மறக்காமல் இருப்பதற்காக எல்லோரும் செய்வதுதான். நானும் மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். வலது கைக்கு, விமானத்தைத் திருப்பும் பிடியாக, பூரிக்கட்டை. இடது பக்கம் ஒரு ஸ்டூல், அதன்மேல் அரிசி டப்பா, அரிசியில் செருகிய இரண்டு கரண்டிகள். ஒன்று த்ராட்டில், மற்றது காற்றைத் திருப்பும் லீவர். கண்ணை மூடி, வாயால் உயரத்தையும் வேகத்தையும் முணுமுணுத்துக்கொண்டு, கரண்டிகளை முன்னும் பின்னும் தள்ளினேன். துணி காயப்போட வந்த அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏல, என்னல செய்யுத?"

"பயிற்சிம்மா."

"கரண்டிய வச்சா? எய்யா, ஒனக்கு ஒண்ணுமில்லைல்லா?"

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வளர்ந்த ஆண்பிள்ளை, அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன், பட்டப்பகலில் கண்ணை மூடி அரிசி டப்பாவோடு மல்லுக்கட்டினால் எந்த அம்மாவுக்குத்தான் கலக்கம் வராது! நான் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். கப்பல், பக்கத்தில் நிற்பது, குறுக்கே நகர்வது, இறங்குவது. எந்த நாள் இறங்குகிறேன் என்பதையும், தேறாவிட்டால் பெரிய விமானம் என்பதையும் சொன்னேன். அதுவரை பாதி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், அந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்தாள்.

"அந்தப் பெரிய விமானம் கரையிலதான் எறங்குமா?"

"ஆமா."

"கூட ஆள் இருக்குமா?"

"நிறையப் பேர் இருப்பாங்க. டீகூடப் போட்டுக் குடிப்பாங்க."

"ம்" என்று சொல்லிவிட்டுத் துணியை உதற ஆரம்பித்தாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

நாற்காலியில் கை பழகியது, கண் பழகவில்லை. கப்பலைப் பார்ப்பதா, தொடுவானத்தைப் பார்ப்பதா என்ற கேள்வி அப்படியே கிடந்தது. தங்கையைக் கப்பலாக்கலாம் என்று யோசனை வந்தது. வாசலில் கிடந்த சணல் மிதியடியில் நைலான் கயிற்றைக் கட்டி அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை இழுத்துக்கொண்டு மாடியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க வேண்டும். நான் இடது பக்கமாக அவள் வேகத்துக்கே நடந்து, அவள் "கமான்" என்றதும் பக்கவாட்டில் நகர்ந்து, மிதியடியின் மேல் இரண்டு காலையும் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு ஐஸ்கிரீமுக்கு ஒப்புக்கொண்டாள். இரண்டு நடை நடந்ததுமே அவளுக்குக் கப்பலின் திமிர் வந்துவிட்டது. நினைத்த இடத்தில் வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள், கயிற்றைச் சுண்டி மிதியடியைத் துள்ள விட்டாள்.

"ஒழுங்கா நடடி!"

"கைக்கு? சமுத்ரம்ல அலை ராதா?" என்றாள். ஏன், கடலில் அலை வராதா என்று கேட்கிறாள். நியாயம்தான்.

மிதியடியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அது துள்ளும்போதெல்லாம் நானும் துள்ளினேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தொடுவானமாக வைத்துக்கொண்டு நடந்தால் என் நடை ஒரே சீராக இருந்தது. ஆனால் மிதியடி எங்கோ, நான் எங்கோ. சில தடவை சரியாக ஏறி நின்றேன். எதைப் பார்த்தேன் என்று தங்கை கேட்டாள். தெரியவில்லை என்றேன். "நக்கோ அண்ணா, நீ இந்த வேலைக்குப் போகாத" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த அம்மாள் பிழிவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அம்மா, "மலைக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். மௌலா அலி மலைமேல் இருக்கிற தர்காவுக்கு எங்கள் குடியிருப்பில் எல்லோரும் போவார்கள். அம்மாவுக்கு வீட்டில் முருகன், வெளியில் அந்த மலை. பரீட்சை, பிரமோஷன், பிரசவம் என்று பெரிய விஷயம் எதுவானாலும் மலைக்குத்தான். முட்டி வலியோடு படி ஏறினாள். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினாள். பூச்சரமும் சர்க்கரையும் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. இரண்டு வாத்தியார்களும் தராத தைரியத்தை அந்த நிற்றல் எனக்குத் தந்தது.

இறங்கும்போது, "என்னம்மா கேட்டே?" என்றேன்.

"வேண்டிக்கிட்டத வெளிய சொல்லப்படாது" என்று படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் சிகந்திராபாத் ரயில் நிலையத்தில், அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தபோது, நான் ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மலை ஏறி வேண்டிட்டேல்லா, நான் கண்டிப்பாத் தேறிருவேன்மா" என்றேன். அவள் முகம் மாறிப்போனது. கையை உருவிக்கொண்டாள்.

"எனக்கு மனசு கேக்கலல. நீ நினைக்கதை நான் கேக்கல."

"பின்ன?"

"நீ இதுல தேறப்படாதுன்னுதான் கேட்டேன்."

அவள் பக்கத்தில் நின்ற தங்கை, "அம்மா!" என்று கத்தினாள்.

"ஏன், கேட்டா என்ன? அந்தப் பெரிய விமானத்துல போடுவாங்கன்னு நீதானல சொன்ன. கூட ஆள் இருக்கும், டீ குடிப்பாங்கன்னு சொன்ன. கப்பலும் ஓடுமாம், இவனும் அந்தரத்துல நிப்பானாம், ஒத்தையில! பெத்தவ வேற என்னத்தக் கேப்பா?"

ரயில் நகர்ந்தது. எனக்கு வந்த கோபத்தில் கையைக்கூட ஆட்டவில்லை. அவள் ஆட்டிக்கொண்டே பின்னால் போனாள். ராத்திரி முழுவதும் மேல் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தேன். அம்மா எனக்கு எதிராக வேண்டிக்கொண்டாள் என்று ஒரு பக்கம் கொதித்தது. அவள் எனக்காகத்தானே வேண்டிக்கொண்டாள் என்று இன்னொரு பக்கம் தோன்றியது. இதில் எதைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்க நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை.

கப்பலுக்குப் போகிற நாள் காலையில் வானம் தெளிவாக இருந்தது. அதுவே ஒரு எரிச்சல். மேகம் இருந்தால் ஒத்திப்போடுவார்கள். கரையிலிருந்து கிளம்பிக் கப்பலைக் கண்டுபிடித்தபோது, இவ்வளவு சின்னதா என்று இருந்தது. துறைமுகத்தில் அண்ணாந்து பார்த்த கப்பல் இதுதானா என்று சந்தேகமே வந்துவிட்டது. இடது பக்கமாக வந்தேன். வேகம் குறைந்தது, லீவரைத் திருப்பினேன், விமானம் அந்தரத்தில் நின்றது.

நின்றதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கடலைப் பார்த்தால் நான் ஓடுகிறேன். கப்பலைப் பார்த்தால் நான் நிற்கிறேன். தளம் மெல்ல உயர்ந்தது. நான் தாழ்கிறேன் என்று உடம்பு சொல்லியது, த்ராட்டிலைக் கூட்டினேன். தளம் இறங்கியது. நான் பறந்துபோகிறேன் என்று உடம்பு சொல்லியது, குறைத்தேன். கப்பல் மூச்சு விடுவதற்கெல்லாம் நான் மேலும் கீழும் போய்வந்தேன். கப்பலிலிருந்து ரேடியோவில் நெட்டையின் குரல் வந்தது: "தளத்தைத் துரத்தாதே." அவர்தானே கப்பலைப் பார்க்கச் சொன்னார்! தொடுவானத்துக்குக் கண்ணை மாற்றினேன். விமானம் அமைதியானது. திரும்பிப் பார்த்தால் கப்பல் என்னைவிட்டு விலகி முன்னால் போயிருந்தது. அந்த நொடியில், நான் தேறப்போவதில்லை, அம்மா கேட்டது கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெளிவாகத் தோன்றியது. அதில் பயத்தோடு ஒரு நிம்மதியும் கலந்திருந்தது. அந்த நிம்மதிதான் என்னை அதிகமாகக் குழப்பியது.

"விலகிப் போ. சுற்றி வா" என்றது குரல். "எரிபொருள் இன்னும் ஒரு தடவைக்குத்தான். சரியாக வரவில்லை என்றால் கரைக்குப் போய்விடு."

சுற்றி வந்தேன். இரண்டாம் தடவை நான் எதைப் பார்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கப்பலின் கோபுரமும் அதற்குப் பின்னால் தொடுவானமும் ஒன்றாகத் தெரிந்த ஞாபகம். அது உண்மையா, பிறகு நானே சேர்த்துக்கொண்டதா என்று சொல்ல முடியாது. மாடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திமிராக நடந்த தங்கையின் முதுகு நினைவுக்கு வந்தது மட்டும் நிச்சயம். "வா" என்றது குரல். குறுக்கே நகர்ந்தேன். கீழே வெள்ளைக் கோடு வந்தது. இறங்கினேன். தடாலென்று ஒரு அடி, பற்கள் இடித்துக்கொண்டன. த்ராட்டிலை மூடினேன். மாற்றிப் பிடிக்கவில்லை.

ஏணியில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினேன். நெட்டை முதுகில் தட்டி, "பார்த்தாயா, கப்பலைப் பார்த்ததால் தேறினாய்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குட்டை வந்து, "தொடுவானத்தைப் பிடித்தாய், பிழைத்தாய்" என்றார். இருவரிடமும் "ஆமாம் சார்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, கப்பல் கரைக்குப் பக்கத்தில் வந்து செல்போனில் சிக்னல் கிடைத்த பிறகுதான் வீட்டுக்குப் பேச முடிந்தது. தங்கை எடுத்தாள். நான் ஹலோ என்றதுமே அழ ஆரம்பித்துவிட்டாள். என்னடி என்றால், தெலுங்கும் தமிழும் தக்கனியும் கலந்து அவள் சொன்னது இதுதான்.

ரயில் போன பிறகு வீட்டில் அவளுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. தங்கை கேட்டிருக்கிறாள்: "அம்மா, அண்ணா எழுதுறது பத்தாங்கிளாஸ் பரீட்சையா? அங்கே பெயில் ஆனா மார்க்கா குறையும்? கீழ நீலு, அம்மா. தண்ணி!" அம்மா அதுவரை அப்படி யோசிக்கவே இல்லை. தேறாவிட்டால் வேறு விமானம் என்று நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். எப்படித் தேறாமல் போவான் என்பது அவள் கேட்ட கணக்கில் இல்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாளாம். உடனே மலைக்குப் போக வேண்டும் என்றாள். ஆனால் ஒரு தடவை ஏறியதிலேயே முட்டி வீங்கிக் கிடந்தது. வீட்டிலேயே முருகனிடம் சொன்னால் போதாதா என்று அப்பா கேட்டதற்கு, "கேட்ட எடத்துலதான் திருப்பிச் சொல்லணும். அங்க கேட்டுட்டு இங்க மாத்துனா யாரு பொறுப்பு?" என்றாளாம். நான் கப்பலில் இறங்குகிற நாள் காலைதான் அவளால் எழுந்து நடக்க முடிந்தது. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதிப் படிக்குமேல் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே மலை உச்சியைப் பார்த்து, போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, "போன தடவ நான் கேட்டது வேண்டாம்! எம்புள்ள தேறட்டும்! எங்க வேணாலும் பறக்கட்டும்!" என்று சத்தம் போட்டிருக்கிறாள்.

நான் போனைக் காதில் வைத்தபடி கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயிலில் கையை ஆட்டாமல் வந்தது நினைவுக்கு வந்தது.

தங்கையிடமிருந்து அம்மா போனை வாங்கினாள்.

"எய்யா."

"தேறிட்டேன்மா."

"எத்தன மணிக்குல எறங்குன?" என்றாள்.

"அன்னைக்குக் காலையிலதான். பத்து, பத்தரை இருக்கும்."

"நான் அப்பம் பாதிப் படியிலதானல இருந்தேன். உச்சிக்குப் போகலையே" என்றாள். "பாதியில நின்னு சொன்னது அங்க கேட்டுச்சோ என்னவோன்னு ரெண்டு நாளா எனக்கு உசுரே இல்ல. ஒரே தடவையிலயா எறங்குன? இல்ல, தட்டுத்தடுமாறினியா?"

அவள் சத்தம் போட்டது நான் முதல் தடவை தடுமாறியதற்கு முன்பா, இரண்டாம் தடவை வந்தபோதா? எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. படியில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. முதல் தடவை போனதைச் சொன்னால், அது தன் வேண்டுதலால்தான் என்று அவள் ஆயுளுக்கும் மருகுவாள். அது மட்டும் எனக்குக் குழப்பமில்லாமல் தெரிந்தது.

"ஒரே தடவைதாம்மா" என்றேன்.

"அப்பம் கேட்டுருக்கு" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். அழுகையின் நடுவிலேயே, "இனி இப்பிடி எத்தன தடவல எறங்கணும்?" என்று கேட்டாள்.

"வேலையே அதுதாம்மா."

"சரி. முட்டி சரியானதும் உச்சிக்கே போயி ஒழுங்கா ஒரு தடவ சொல்லிட்டு வந்துருதேன்" என்றாள்.